எலியோடு நின்றுவிடும் மூலிகை ஆராய்ச்சி

சிறுகுறிஞ்சான் என்று நம் நாட்டார் வழங்கும் கொடி, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. வேலிகளிலும் மலையடிவாரத்துப் புதர்களிலும் அண்டையில் நிற்கும் மரஞ்செடிகளைப் பற்றிக்கொண்டு ஏறுவது. எதிரெதிராக இணைந்த இலைகளும், கணுக்களில் கொத்தாகப் பூக்கும் மஞ்சள் நிறச் சிறு பூக்களும் உடையது. அதன் இலை இரண்டைப் பறித்து, கசப்பைப் பொறுத்துக்கொண்டு நன்றாக மென்று, சாற்றைச் சற்று நேரம் நாவில் நிறுத்திவைத்து, பின்னர் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை வாயிலிட்டுப் பார்ப்பவர், அந்தச் சர்க்கரை தன் இனிப்பை அடியோடு இழந்து, மணலைப் போலப் பற்களுக்கிடையே நெறுநெறுப்பதை உணர்வார். தேனுக்கும் வெல்லத்துக்கும் இதே கதிதான். உப்பும் புளிப்பும் மாத்திரம் தம் சுவை மாறாமல் இருக்கும். அரை மணி நேரம் சென்றால் இனிப்பு மெல்லத் திரும்பிவிடும். உதகமண்டலத்தில் சென்னை அரசாங்கத்தின் சிங்கோனா ரசாயன நிபுணராக இருந்த டேவிட் ஹூப்பர் என்பவர், 1887-ஆம் ஆண்டில் இந்த இலைகளைப் பகுத்து ஆராய்ந்து, இவ்விசித்திரத்துக்குக் காரணமான அமிலத்தைப் பிரித்தெடுத்து, ஜிம்னீமிக் அமிலம் என்று அதனை உலகுக்கு அறிவித்தார். நாவில் இனிப்பை உணரும் புரதத்தின் எந்தப் பகுதியில் அந்த அமிலம் சென்று பற்றுகிறது என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டு வெளியிட்டது 2014-இல்; இடையில் சென்றவை நூற்றிருபத்தேழு ஆண்டுகள்.

நாவில் இனிப்பை மறைக்கும் பொருள் இரத்தத்திலும் சர்க்கரையைக் குறைக்கும் என்று எண்ணத் தோன்றுவது மனித மனத்தின் இயல்பாக இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று பிரமாணமாகாது. நாவின் நரம்புகளும், வயிற்றின் பின்புறத்தே மறைந்துகிடக்கும் கணையமும் வெவ்வேறு உறுப்புகள். அவற்றின் தொழில்களும் வெவ்வேறு. ஆகையால் இரத்தத்தைப் பற்றிய கேள்வியைத் தனியாகவே கேட்டாக வேண்டியிருந்தது. மஸ்கர், காயுஸ் என்னும் இருவர் 1930-இல் இவ்விலையைப் பற்றி விரிவான ஆராய்ச்சி நூலொன்றை வெளியிட்டு அக்கேள்வியை விலங்குகளிடம் கேட்கத் தொடங்கினார்கள். மனிதர்களிடமே அதைக் கேட்டவர்கள் நம் சென்னைக்காரர்கள். இந்தச் செய்தியைத்தான் தமிழ் வாசகர்கள் முக்கியமாக அறிந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், அடிப்படை மருத்துவ விஞ்ஞானங்களுக்கான நிலையத்தின் உயிர்வேதியியல் துறையில், பேராசிரியர் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரமும் அவருடைய சகாக்களும் சிறுகுறிஞ்சான் இலையின் சாரத்திலிருந்து நீரில் கரையும் அமிலப் பகுதியைப் பிரித்தெடுத்து, அதனை முதலில் எலிகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளில் ஒன்று, வழக்கமான நீரிழிவு மாத்திரைகளை உட்கொண்டுவந்த 22 பேரைப் பற்றியது. அம்மாத்திரைகளோடு இந்தச் சாரத்தையும் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் பதினெட்டு முதல் இருபது மாதங்கள் வரையில் அவர்கள் உட்கொண்டார்கள். அவர்களுடைய இரத்தச் சர்க்கரை குறைந்தது. சில மாதங்களின் சராசரியைக் காட்டும் அளவும் இறங்கியது. மாத்திரையின் அளவைப் பலருக்குக் குறைக்க முடிந்தது. ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்திவிட்டு இந்தச் சாரத்தை மாத்திரம் கொண்டு சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். இன்சுலினையே நம்பி வாழும் 27 பேரிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், அவர்களுக்குத் தேவைப்பட்ட இன்சுலினின் அளவு குறைந்ததாகக் கண்டார்கள். ஒரு பல்கலைக்கழகத் துறை, தன் ஊரில் விளையும் இலையை எடுத்து, ரசாயனமும் செய்து, எலியிடமும் சோதித்து, பின் மனிதனிடம் வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் பொறுமையோடு அவனைத் தொடர்ந்து கவனித்தது என்பது எளிய காரியமன்று. அதற்காக நாம் பெருமைப்படலாம்.

அந்த ஆராய்ச்சியில் ஒரு பெரிய குறை இருந்தது. மருந்தில்லாத போலிக் குளிகையை உட்கொண்ட ஒரு கூட்டம் அதில் இல்லை. எவருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைக்கப்படவில்லை. நீரிழிவில் இக்குறை சாதாரணமானதன்று. ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டோம், மாதந்தோறும் நம் இரத்தத்தைப் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்த மாத்திரத்திலேயே மனிதன் சோற்றைக் குறைத்துக்கொள்கிறான், மாலையில் நடக்கப் போகிறான், மறந்துபோகும் மாத்திரையை மறவாமல் உட்கொள்கிறான். மேலும், சர்க்கரை மிகவும் ஏறியிருக்கும் சமயத்தில்தான் ஒருவன் புதிய சிகிச்சையை நாடி வருவது வழக்கமாதலால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை பார்க்கும்போது அது ஓரளவு இறங்கியிருப்பதற்கே இடமுண்டு. இவற்றையெல்லாம் இலையின் குணத்தினின்றும் பிரித்தறிய வேண்டுமானால் ஒப்பிடுவதற்கு மற்றொரு கூட்டம் வேண்டும்; அக்கூட்டத்திலும் நடையும் உணவுக் கட்டுப்பாடும் நம்பிக்கையும் அதே அளவில் இருக்க வேண்டும். 1990-இல் சென்னையில் கிடைத்தது பாதி விடை. மற்றப் பாதியை அதே சென்னையில், அதே இலையைக் கொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கண்டறிந்திருக்கலாம்.

அதைச் செய்வதற்குப் பதிலாக நாம் மீண்டும் எலியிடமே திரும்பிப் போனோம். இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மூலிகை இலைகளின் நீரிழிவைத் தணிக்கும் குணத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகளில் எதைப் பிரித்துப் பார்த்தாலும் ஒரே சடங்கைக் காணலாம். மாணவர் இலையைச் சேகரிக்கிறார். அதன் மாதிரியொன்றை அழுத்தி உலர்த்தி, திருச்சிராப்பள்ளி ராபினாட் ஹெர்பேரியத்திலோ கோயம்புத்தூரில் உள்ள தாவர மதிப்பாய்வு நிலையத்திலோ காட்டி, இன்ன தாவரந்தான் என்று சான்று பெறுகிறார். இலையை நிழலில் உலர்த்தி அரைத்து, சாக்ஸ்லெட் கருவியில் எத்தனாலைக் கொதிக்கவைத்து மணிக்கணக்காகச் சாரம் இறக்குகிறார். ஆல்கலாய்டு உண்டா, டானின் உண்டா, பிளேவனாய்டு உண்டா என்று சோதனைக் குழாய்களில் நிறம் பார்க்கிறார். ஆக்ஸிஜனேற்றத் தடுப்புச் சக்தியை அளக்கிறார். பிறகு ஆறு ஆறாகப் பிரித்த விஸ்டர் எலிகளுக்கு அலாக்ஸனோ ஸ்ட்ரெப்டோசோடோசினோ செலுத்திச் சர்க்கரை நோயை உண்டாக்கி, இருபத்தொரு நாளோ இருபத்தெட்டு நாளோ சாரத்தைப் புகட்டி, கிளிபென்கிளமைடு கொடுத்த எலிகளோடு ஒப்பிட்டு, முடிவில் எலியைக் கொன்று கணையத்தைச் சீவி நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார். சாரம் சர்க்கரையைக் குறைத்தது என்று ஆய்வேடு முடிகிறது. அடுத்த மாணவர் அடுத்த இலையை எடுக்கிறார்.

அந்த மாணவர்களின் உழைப்பில் நான் குறை காணவில்லை. விடுமுறை நாளிலும் எலிக்கூண்டைக் கழுவி, வால் நுனியில் இரத்தமெடுத்து, கைக்காசைப் போட்டு ரசாயனம் வாங்கி வேலை செய்யும் பிள்ளைகளை நான் அறிவேன். என் வருத்தம், அவ்வுழைப்பு போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது. இச்சடங்கின் இரண்டு முக்கிய அங்கங்களை மாத்திரம் சற்று அருகில் நின்று பார்ப்போம்.

முதலாவது, ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு. டி.பி.பி.எச். என்னும் பொருளை மெத்தனாலில் கரைத்தால் ஆழ்ந்த ஊதா நிறம் உண்டாகும். அப்பொருளில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று உண்டு. எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ தானமாகக் கொடுக்கக்கூடிய எதை அதில் சேர்த்தாலும் ஊதா வெளிறி மஞ்சளாகிவிடும். இலைச் சாரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, முப்பது நிமிஷம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டர் ஒளியில் நிறம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து, வைட்டமின் சி-யோடு ஒப்பிட்டு எழுதுவதே இச்சோதனை. பிளாய்ஸ் என்பவர் 1958-இல் இதனை வெளியிட்டார். எளியது, மலிவானது, ஒரே நாளில் முடிவது. ஆனால் அது நமக்குத் தெரிவிப்பது யாது? அந்தச் சாரத்தில் எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடிய பொருள்கள் இருக்கின்றன என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. பச்சை இலை எதை எடுத்தாலும் அதில் பாலிபீனால்கள் இருக்கும். தேயிலையும் ஊதாவை மஞ்சளாக்கும், கறிவேப்பிலையும் ஆக்கும், மாவிலையும் ஆக்கும். அப்பொருள்களில் பெரும்பாலானவை குடலில் மிகச் சொற்பமாகவே உறிஞ்சப்படுகின்றன. உறிஞ்சப்பட்டவையும் ஈரலில் உருமாறிச் சீக்கிரமே வெளியேறிவிடுகின்றன. குழாயில் இருந்த செறிவு நம் திசுக்களை ஒருநாளும் எட்டுவதில்லை.

ஆக்ஸிஜனேற்றத் தடுப்பிகள் உடம்புக்கு நன்மையே செய்யும் என்ற நம்பிக்கை மனிதர்களிடம் சோதிக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதை ஒவ்வோர் ஆய்வேட்டின் முன்னுரையிலும் எழுத வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 1994-இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்திருக்க, அது 18 சதவிகிதம் அதிகமாகியிருந்தது. அமெரிக்காவில் நடந்த அதுபோன்ற மற்றோர் ஆராய்ச்சி, தீமை தென்பட்டதால் 1996-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. உணவுப் பொருள்களின் தடுப்புச் சக்தியைப் பட்டியலிட்டு வைத்திருந்த அமெரிக்க விவசாய இலாகா, அந்த எண்களுக்கும் மனித ஆரோக்கியத்துக்கும் சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை என்றும், வியாபாரிகள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் கூறி, 2012-இல் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. அதுபோன்ற எண்ணை நம் கல்லூரிகள் இன்றும் சிரத்தையோடு கணக்கிட்டு எழுதிக்கொண்டிருக்கின்றன. நம் மருந்துக் கடைகளின் பொட்டலங்களும் அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன.

இரண்டாவது, எலி. அலாக்ஸன் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிக்கிறது என்பது 1943-இல் கிளாஸ்கோ நகரில் முயல்களிடம் தற்செயலாகக் காணப்பட்டது. அன்றுமுதல் சர்க்கரை நோயை விலங்குகளில் உண்டாக்க அது எளிய சாதனமாகிவிட்டது. நம் நாட்டில் மிகப் பெரும்பாலோரைப் பீடிப்பது அந்த வகை நோயன்று. அவர்களுடைய கணையம் ஒரே நாளில் விஷத்தால் அழிந்ததன்று. பல்லாண்டுகளாக உடல் இன்சுலினுக்கு இணங்க மறுத்து, அதனால் கணையம் களைத்துப்போனதன் விளைவு அது. அன்றியும், அலாக்ஸன் பெற்ற எலிகள் சில, எந்த மருந்தும் இல்லாமலே தாமாகத் தேறிவிடுவதுண்டு. மருந்து பெறாத எலிகளைப் போதிய எண்ணிக்கையில் போதிய காலம் வைத்துப் பார்க்காத ஆராய்ச்சியில், இயற்கை செய்த காரியத்தின் புகழ் இலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எலிக்குப் பெரும்பாலும் கொடுப்பது, உடல் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாரம். எலியின் அளவை மனிதனுக்கு மாற்றும்போது ஏறத்தாழ ஆறால் வகுப்பது வழக்கு. அப்படி வகுத்தால் அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு கிராம் சாரம் ஆகிறது. நூறு கிராம் உலர்ந்த இலையிலிருந்து பத்துக் கிராம் சாரம் இறங்குவதாக வைத்துக்கொண்டால், தினந்தோறும் நாற்பது கிராம் உலர்ந்த இலை, அதாவது நூற்றைம்பது, இருநூறு கிராம் பச்சை இலை அவர் உட்கொண்டாக வேண்டும். சென்னை ஆராய்ச்சியில் நோயாளிகள் பெற்றதோ நாள் முழுவதற்கும் சேர்த்தே 400 மில்லிகிராம். எலியிடம் வேலை செய்த அளவுக்கும் மனிதன் விழுங்கக்கூடிய அளவுக்கும் இவ்வளவு தூரம் இருக்க, அத்தூரத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், ஆகவே இவ்விலை மனிதருக்கும் பயன்படும் என்று ஆய்வேடு முடியுமானால், அம்முடிவுக்கு ஆதாரம் இல்லை.

மூலிகை மருந்தே வீண் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கடைசிவரை கொண்டுசெல்லப்பட்ட மூலிகைகள் எத்தகைய பயனைத் தந்தன என்பதை நன்கு அறிந்தே இவ்வளவும் எழுதுகிறேன். சர்ப்பகந்தி என்னும் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவந்தார்கள். 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர் அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினார்கள். 1949-இல் பம்பாய் இருதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகள் ஐம்பது பேரிடம் கண்டதைப் பிரிட்டிஷ் இருதய மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. அது சிலருக்குக் கடும் மனச்சோர்வை உண்டாக்கக்கூடும் என்ற ஐயமும் மனிதர்களிடம் கவனமாகப் பார்த்ததனால்தான் எழுந்தது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிக்கு முதலில் எழுதிக்கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரையின் பூர்வ கதையும் ஒரு செடியில்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவின் கலேகா என்னும் செடியிலிருந்த பொருளைப் பின்பற்றி அந்த இனத்து ரசாயனங்கள் செய்யப்பட்டன. மெட்பார்மின் 1922-இல் டப்ளினில் ஆக்கப்பட்டது. 1957-இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1998-இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சிதான், பருமனான நீரிழிவு நோயாளிகளின் ஆயுளை அது நீட்டிக்கிறது என்று காட்டியது. மனிதனிடம் வந்து சேர்ந்த பின்பும் நாற்பது ஆண்டுகள் அதற்குத் தேவைப்பட்டன.

சித்த வைத்தியர்கள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்புவார்கள். அதற்கு மரியாதையோடு விடை சொல்ல வேண்டும். நூற்றாண்டுகளின் அநுபவமே போதிய பிரமாணம் என்றும், ஓர் இலையைத் தனியே பிரித்துச் சாரமெடுத்துப் பார்ப்பது தங்கள் சாஸ்திரத்தின் வழியன்று என்றும் அவர்கள் சொல்வார்கள். இரண்டாவது பகுதியை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆவாரைக் குடிநீரில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை ஆகியவையும் சேர்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடுங்கி எலிக்குக் கொடுத்துவிட்டுக் குடிநீரைச் சோதித்துவிட்டோம் என்பது நியாயமாகாது. குடிநீரைக் குடிநீராகவே, வைத்தியர் கொடுக்கும் முறையிலேயே, மனிதரிடம் சோதிக்கலாமே. அதற்கு எந்த விஞ்ஞான விதியும் குறுக்கே நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஊர்களில் நோயாளிகளிடம் வேங்கைக் கட்டையைச் சோதித்து, 97 பேரில் 67 பேருக்குப் பன்னிரண்டு வாரங்களில் சர்க்கரை கட்டுப்பட்டது என்று 1998-இல் வெளியிட்டது. அதிலும் ஒப்பிடுவதற்குக் கூட்டம் இல்லையென்றாலும், பாரம்பரிய மருந்தை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஒழுங்காக ஆராய முடியும் என்பதற்கு அது சாட்சி.

அநுபவமே போதும் என்ற முதற்பகுதியை மாத்திரம் என்னால் ஏற்க இயலவில்லை. தாகம் தணிந்ததையும், இரவில் சிறுநீர் குறைந்ததையும், சிறுநீரில் எறும்பு மொய்ப்பது நின்றதையும் பழைய வைத்தியர் கண்ணால் கண்டிருப்பார். விழித்திரையின் நுண்ணிய நாளங்கள் பத்து வருஷங்களில் கசிந்து கெடுவதையும், சிறுநீரகம் ஓசையின்றி நலிவதையும் அவர் காண்பதற்குச் சாதனமே இருக்கவில்லை. இந்நோயின் கொடுமை முழுவதும் அந்தப் பத்து வருஷங்களில்தான் இருக்கிறது.

அநுபவத்தை மாத்திரம் நம்பாமல் மனிதரிடம் சோதிக்க வேண்டியதற்கு மிக முக்கியமான காரணம், ஆபத்து. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு நோயாளிகள் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிடுகிறது. இவர்களில் எத்தனையோ பேர், பத்திரிகையில் ஓர் எலி ஆராய்ச்சியைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டோ, உறவினர் சொல்லைக் கேட்டோ, இலைப் பொடியை வாங்கி உண்ணத் தொடங்கி, மாத்திரையை மெல்லக் கைவிடுகிறார்கள். இன்சுலினின்றி வாழமுடியாத குழந்தைக்கு, மூலிகை இருக்கிறதென்று நம்பிப் பெற்றோர் ஊசியை நிறுத்திவிட்டால், சில நாட்களிலேயே அக்குழந்தையின் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே முடிவு வந்துவிடும். மறுபுறம், மாத்திரையையும் இலையையும் சேர்த்து உண்பவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். சிறுகுறிஞ்சானை உட்கொண்ட நோயாளி ஒருவருக்கு ஈரல் அழற்சி உண்டானதாக 2010-இல் மருத்துவப் பத்திரிகையில் ஒரு குறிப்பும் வந்திருக்கிறது. ஒரே ஒரு நிகழ்ச்சி எதையும் நிலைநாட்டாது, ஆனால் பச்சிலையால் தீங்கே நேராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கும் அது இடந்தரவில்லை. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அச்சட்டம் நம் பேருந்து நிலையச் சுவர்களைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

இலையை மறந்துவிடுங்கள் என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு அது சம்மதமன்று. பயன் இருக்கக்கூடும் என்று காட்டுவதற்குச் சென்னை நோயாளிகள் 22 பேர் முன்வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் பொறுமையாக ஒத்துழைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் தீரவில்லை. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்து மருத்துவர்கள், போலிக் குளிகையோடு ஒப்பிட்டு 24 பேரிடம் இதே சிறுகுறிஞ்சானைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடை குறைந்தது, இன்சுலின் சுரப்பிலும் அதற்கு உடல் இணங்குவதிலும் மாறுதல் காணவில்லை என்றார்கள். பன்னிரண்டு வாரச் சிறு ஆராய்ச்சிதான். ஆனாலும் முறையான கேள்வியை முறையாகக் கேட்ட பெருமை அவர்களுடையது. நம் வேலியில் படரும் கொடிக்கு அந்த நியாயத்தைச் செய்யக் கடல் கடந்த ஊரார் முன்வர வேண்டியிருந்தது என்பது எனக்கு மிகவும் உறுத்துகிறது.

செய்ய வேண்டியது பெரிய ரகசியமன்று. தாவரவியலார் சான்றளித்த கொடியை ஒரே தோட்டத்தில் பயிரிட்டு, ஒரே பருவத்தில் பறித்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஜிம்னீமிக் அமிலம் எவ்வளவு என்று அளந்து குறித்த சாரம் வேண்டும். அதனைப் பொடியாகவோ தேநீராகவோ கொடுக்கலாகாது. நாவில் இனிப்பு மறைந்ததுமே தமக்குக் கிடைத்தது எது என்று நோயாளி அறிந்துகொள்வாராதலால், நாவில் படாமல் வயிற்றில் கரையும் உறையில் வைத்தே மருந்தையும் போலியையும் கொடுக்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் அரை சதவிகித வித்தியாசத்தை நம்பிக்கையோடு காண, இடையில் விலகுவோரையும் கணக்கிட்டால், இருநூறு முதல் இருநூற்றைம்பது பேர் போதும். எவரும் தம் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. அதோடு சேர்த்தே சோதிக்கலாம். ஆறு மாதங்களோ ஓராண்டோ அவர்களுடைய ஈரலையும் சிறுநீரகத்தையும் கவனித்துவர வேண்டும். தொடங்குமுன், 2007 முதல் நம் நாட்டில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் எதை அளக்கப்போகிறோம் என்று எழுதிவைத்து, முடிவு எதுவானாலும் அப்படியே வெளியிட வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவை 1948-இல் தொடங்கிய ஊர் இது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் சித்த ஆராய்ச்சி நிலையமும், தரமணியில் சண்முகசுந்தரம் வேலை செய்த அதே வளாகமும் ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் இருக்கின்றன. இவை மூன்றும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசுவதற்கு அரசாங்கம் ஓர் உத்தரவும், சில கோடி ரூபாயும் கொடுத்தால் போதுமானது.

அதுவரையில் புதிய ஆய்வுத் தலைப்புக் கேட்டு வரும் மாணவருக்கு இன்னுமோர் இலையையும் இன்னும் முப்பது எலிகளையும் கொடுத்தனுப்பாமல், வேறு வேலை கொடுக்கலாம். சிறுகுறிஞ்சான் என்ற பெயரில் நாட்டுமருந்துக் கடைகளில் விற்கும் பொட்டலங்களில் உண்மையில் சிறுகுறிஞ்சான் எத்தனை, வேறு கொடியின் இலை எத்தனை. மழைக்கு முன் பறித்த இலைக்கும் பின் பறித்ததற்கும், கொல்லிமலை இலைக்கும் சமவெளி இலைக்கும் ஜிம்னீமிக் அமிலத்தில் என்ன வேறுபாடு. நிழலில் உலர்த்தி ஓராண்டு டப்பாவில் வைத்தபின் அதில் எவ்வளவு மிஞ்சுகிறது. பொடியில் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்திருக்கின்றனவா. நம் நோயாளிகளில் எத்தனை பேர் மருத்துவரிடம் சொல்லாமல் இதை உட்கொள்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மாத்திரையை விட்டுவிட்டார்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு பட்டத்துக்குரிய வேலை; இவற்றுக்கான கருவிகள் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. நாளைக்கு எந்த ஆஸ்பத்திரி அந்த இருநூற்றைம்பது பேரைச் சேர்த்து ஆராய்ச்சியைத் தொடங்கினாலும், முதல் நாளே இந்த விடைகள் அதற்குத் தேவைப்படும்.